ஏகாம்பரம் யானை ஏறிய கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க் கொத்தனார்களெல்லாம் என் வாசலில் வந்து நிற்பார்கள். ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை. ஆற்றங்கரையில் மாடி வைத்த மாளிகை கட்டிக் காற்று வாங்க வேண்டும். மந்திரி உடனே தன் மைத்துனன் ஏகாம்பரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மொத்தமாக ஆயிரம் பொன், மகாராஜா. மணலைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ தாங்கள் நினைக்கவே வேண்டாம்" என்றான் ஏகாம்பரம்.

ராஜா நினைக்கவேயில்லை. அங்கேதான் பிடித்தது சனி. அஸ்திவாரம் தோண்டியதும், தோண்டிய மண்ணை அள்ளிப்போடத் தனிக் கூலி என்றான். சுண்ணாம்பு பேச்சில் உண்டு, அதை அரைப்பது இல்லை என்றான். ராஜாவும் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாக மாளிகை எழும்பியது. பார்த்தால் வாசலுக்குக் கதவு இல்லை, மாடிக்குப் படி இல்லை, சமையலறையில் நின்று அண்ணாந்தால் வானம் தெரிந்தது.

"மாடி கேட்டீர்கள், கட்டிவிட்டேன். படி பேச்சில் வரவில்லையே, மகாராஜா!" என்று கை கட்டி நின்றான் ஏகாம்பரம்.

அரசவை விகடகவி வெண்காடனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அங்கே வீசும் காற்றாவது பேச்சில் உண்டா, கேட்டுக்கொள்ளுங்கள் பிரபு" என்றான். சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. ஏமாந்த மனிதருக்குக் கோபம் வந்தால், ஏமாற்றியவனை விட்டுவிட்டு எடுத்துச் சொன்னவன் மேல்தான் பாயும்.

மந்திரி இதற்காகவே காத்திருந்தவர். "நாளை மறுநாள் கிரகப்பிரவேசம். அதற்குள் வெண்காடனே குறைவேலையை முடிக்கட்டும், பிரபு. இன்னொரு காசு கேட்கக் கூடாது. முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

வீட்டில் மனைவி செங்கமலம், இடுப்பில் குழந்தையோடு பானை சட்டிகளை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். "கதவு போட வேண்டியது உம்ம வாய்க்குத்தான்! பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்குய்யா போறது?" என்று அழுதாள். ஆனால் வெண்காடனுக்கு ஒரு சங்கதி தெரியும். கதவு, மரப்படி, ஓடு எல்லாமே ஏகாம்பரத்தின் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் தயாராகக் கிடந்தன. ராஜா மறுபடி பை அவிழ்க்கட்டும் என்று காத்திருந்தான் அந்தப் புண்ணியவான்.

மறுநாள் காலை வெண்காடன் ராஜாவைப் பணிந்து நின்றான். "மாளிகை கட்டியவரை யானை மேல் ஏற்றி ஊர்வலம் விடுவது நம் வழக்கம். அந்த மரியாதையை அடியேன் செய்கிறேன். நடுவில் யாரும் குறுக்கே வரக் கூடாது. தாங்கள் வாக்குத் தர வேண்டும்."

ராஜா வாக்குக் கொடுத்தார். பயல் தாஜா செய்யக் கிளம்பிவிட்டான் என்று மந்திரிக்கு ஒரே பூரிப்பு.

பட்டும் மாலையுமாக ஏகாம்பரம் ஏணி வைத்து யானை மேல் ஏறினான். ஏணியை எடுத்துவிட்டார்கள். மேளம் முழங்க யானை ஊரைச் சுற்றியது. மறுபடியும் சுற்றியது. வெயில் உச்சிக்கு வந்ததும் மேளக்காரர்கள் நழுவிவிட்டார்கள். யானை மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

"வெண்காடரே, போதும்யா! இறக்கி விடும்!"

புங்க மரத்தடியில் மோர் குடித்துக்கொண்டிருந்த வெண்காடன் நிதானமாக வாயைத் துடைத்தான். "ஏற்றுவதாகத்தான் பேச்சு. இறக்குவது தனி."

"யப்பா பாகா, நீயாவது யானைய மண்டி போடச் சொல்லேன்!"

"நடத்துறதுதாங்க என் பேச்சு. மண்டி போடுறது அதுல வரலீங்க" என்றான் பாகன்.

"ஒரு குடையாச்சும் குடுங்கடா!"

"குடைத்துணி உண்டு. கம்பி, காம்பு தனி" என்றான் வெண்காடன்.

ஊரே கூடிச் சிரித்தது. மந்திரி அரண்மனைக்கு ஓடினார். "வாக்குக் கொடுத்துவிட்டேனே!" என்று கையை விரித்த ராஜா, வேடிக்கை பார்க்கத் தாமே கிளம்பி வந்துவிட்டார்.

ஏகாம்பரத்துக்கு நாக்கு வறண்டது. "எவ்வளவுய்யா வேணும் உனக்கு? சொல்லித் தொலை!"

"காசு வேண்டாம். கதவு, படி, ஓடு."

ஏகாம்பரம் இன்னும் ஒரு சுற்று தாங்கினான். அதற்கு மேல் முடியவில்லை. "அடேய், கொட்டகையத் திறங்கடா! எல்லாத்தையும் கொண்டுபோய் மாட்டுங்கடா!" என்று யானை மேலிருந்தே தன் ஆட்களைப் பார்த்து அலறினான்.

பொழுது சாயுமுன் வேலை முடிந்தது. ராஜா புதுப் படியில் ஏறி மாடியில் நின்று பார்த்தார். யானை கீழே வந்து நின்றது. வெண்காடன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். ஏகாம்பரம் முதல் படியில் காலை வைத்தான். சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"யோவ், இந்த ஏணி தரை வரைக்கும் உண்டா, இல்ல பாதியில நிக்குமா? இப்பவே சொல்லிடும்!"

மாடியில் ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதில் வந்து நின்றது. "இந்தக் கேள்வியை அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டுமடா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவர், கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெண்காடனைப் பார்த்து வீசினார்.