முப்பது வண்டி ஏரியல்

பூவனூர் ராஜாவுக்கு ஊர் ஊராக முகாம் போடுவதில் தீராத ஆசை. போகிற இடமெல்லாம் ஒயர்லெஸ் பெட்டியும் கூடப் போகும். அரண்மனையில் இருக்கும் ராணியோடு பேச வேண்டுமே! பெட்டியைக் கவனித்துக்கொண்டவர் அரசவை விகடர் நல்லபெருமாள். ராஜாவுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். திவான் சங்கரலிங்கத்துக்கு வயிறெரிய அது போதாதா?

"மகாராஜா, இவர் முகாமுக்கு முகாம் பெட்டியின் ஏரியல் கம்பியைத் திருகிக்கொண்டே இருக்கிறார். கேட்டால் இடம் சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!"

ராஜா தலையாட்டிவிட்டார். "நல்லபெருமாளே, ஏரியல் இங்கே அரண்மனையில் இருப்பதுபோலவே கரட்டுமலை முகாமிலும் இருக்க வேண்டும். துளி மாறினாலும் உமக்கு வேலை இல்லை. ராணி குரல் கேட்காவிட்டாலும் வேலை இல்லை."

ஏரியலைச் சரிசெய்யும் திருகின்மேல் அரக்கு முத்திரை விழுந்தது. நல்லபெருமாள் சிரித்தார்.

"உத்தரவு. ஏரியலைக் கொண்டுவர முப்பது வண்டி வேண்டும்."

"ஒரு கம்பிக்கு முப்பது வண்டியா?" திவான் விழுந்து விழுந்து சிரித்தார். "கொடுங்கள் மகாராஜா. இவர் எதைச் சொன்னாலும் நானே ஏற்றிக்கொண்டு வருகிறேன்!"

கரட்டுமலையில் ராஜா பெட்டிமுன் உட்கார்ந்தார். 'புஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் வந்தது.

"நல்லபெருமாளே! ராணி எங்கே?"

"பாதி ஏரியல்தான் வந்திருக்கிறது மகாராஜா. மீதி, அதோ!"

முப்பது வண்டிகள் மேடேறி வந்தன. எல்லாவற்றிலும் ஈரமண். முன்னால் முழங்கால்வரை சேற்றோடு திவான்.

"இது என்ன கூத்து?"

"கம்பி பாதி, அது நிற்கிற தரை பாதி மகாராஜா. அரண்மனையில் நந்தவனக் குளத்தங்கரை ஈரம். இங்கே காய்ந்த பாறை. பக்கத்தில் தகரக் கூரை இருந்தால்கூடக் கணக்கு மாறும். திருகைத் தொடாதே என்றீர்கள், தரையைக் கொண்டுவந்துவிட்டேன். இனி கரட்டுமலைமேல் ஒரு குளம் வெட்டினால் சரியாகிவிடும்."

ராஜா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அடேயப்பா, இங்கே கூடம் நிஜமாகவே கோணல்தான்! உம் வேலையை எவனும் தொட மாட்டான். உடைத்துவிடும் அந்த முத்திரையை!"

நல்லபெருமாள் அரக்கை உடைத்து, திருகை இரண்டு விரற்கடை திருப்பினார். இரைச்சல் அடங்கியது. ராணியின் குரல் கணீரென்று வந்தது.

"என்னங்க! என் நந்தவனத்தைத் தோண்டி வண்டி வண்டியா அள்ளிட்டுப் போனது யாரு?"

ராஜா மைக்கை எடுத்து, மெல்லத் திவானிடம் நீட்டினார்.

"உம்மைத்தான் கேட்கிறாள். பேசும்."