பாறை வயிற்றில் எழுந்த மாளிகை

ஒரு காலத்தில் மரகதவேலி என்றொரு நாடு. அதை ஆண்டவன் வீரகேது மன்னன். காலையில் ஒன்று நினைப்பான், மாலையில் அதையே மறந்துவிட்டு இன்னொன்று கேட்பான். அவனிடம் வேலை பார்ப்பதும் கொதிக்கிற பாலைக் காவல் காப்பதும் ஒன்றுதான்.

அவனுடைய கொலுமண்டபத்தில் மூன்று பக்கம்தான் கட்டிய சுவர். சிம்மாசனத்துக்கு எதிரே இருந்ததோ மலைப்பாறை. நடுவில் தொப்பை, பக்கத்தில் பள்ளம், மேலே ஒரு பிளவு. அந்தப் பாறையில் தூண்கள் நிறைந்த மாளிகை ஒன்றை வரைய வேண்டும் என்று மன்னனுக்கு ஆசை வந்தது.

சித்திரக்காரி மாதேவியை அழைத்தான். "சிம்மாசனத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எல்லாத் தூணும் நேராக நிற்க வேண்டும். நின்றால் நீதான் அரசவைச் சித்திரக்காரி. ஒரு தூண் சாய்ந்தாலும் தூரிகையைப் போட்டுவிட்டு நாட்டைவிட்டே போய்விடு" என்றான். மாதேவி வாயாடி. பாறைதான் கோணலே தவிரத் தன் கை கோணல் இல்லை என்று சொல்லி ஒப்புக்கொண்டாள்.

மண்டபக் காப்பாளர் கச்சிராயருக்கு வயிறு எரிந்தது. அந்தப் பதவியைத் தன் மருமகனுக்கு வாங்கித் தர அவர் வெகுநாளாகக் காத்திருந்தார். பனைமரம் போல் வளர்ந்த மனிதர். மண்டபத்துச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

மாதேவி அமைச்சர் இளவழுதியாரிடம் மன்னன் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று கேட்டுக்கொண்டாள். சிம்மாசனத்தில் அதே உயரத்தில் ஒரு விளக்கை ஏற்றினாள். அதன் முன்னால் ஓலையில் வெட்டிய மாளிகையை நிறுத்தினாள். பாறையில் விழுந்த நிழலின் விளிம்பில் கரியால் கோடு போட்டு, அதன்மேல் வண்ணம் பூசினாள். பக்கத்தில் நின்று பார்த்தால் தூணெல்லாம் புடலங்காயாகத் தெரிந்தது. அமைச்சர் பார்த்துச் சிரித்துக்கொண்டார், யாரிடமும் மூச்சு விடவில்லை.

வேலை முடிந்தது. மன்னன் வந்து அமர்ந்தான். எதிரே ஓர் அழகான மாளிகை எழுந்து நின்றது. "நூல் பிடித்த மாதிரி இருக்கிறது!" என்று துள்ளினான். அவையினருக்கோ தலை சுற்றியது. அவர்கள் கண்ணுக்கு ஒரு தூண்கூட உருப்படியாக இல்லை. ஆனாலும் மன்னன் நேர் என்றால் நேர்தான் என்று ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள்.

கச்சிராயர் முன்னே வந்தார். "மகாராஜா, மற்றதெல்லாம் நேர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இடப்பக்கம் பிளவின் மேல் ஏறும் தூண் மட்டும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வாக்குப்படி இவளை அனுப்பிவிடுங்கள்" என்றார்.

மன்னன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். அந்தத் தூணும் நேராகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டது, முகம் சிவந்தது.

அமைச்சர் எழுந்தார். "மகாராஜா, தயவுசெய்து இறங்கிவந்து கச்சிராயர் பக்கத்தில் நின்று பாருங்கள்."

மன்னன் இறங்கி வந்து பார்த்தான். மாளிகை முழுவதும் நெளிந்து பிதுங்கிக் கிடந்தது. ஓடிப்போய் உட்கார்ந்தான், நேரானது. எழுந்து வந்தான், கோணலானது. இப்படியே ஏறி இறங்கிக் களைத்துப்போனான். அமைச்சர் விளக்குச் செய்தியைச் சொன்னார். அவையினரும் தாங்கள் கண்டது புடலங்காய்தான் என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள்.

"இந்தப் படம் சிம்மாசனத்திலிருந்து பார்த்தால்தான் நேராகும்" என்றார் அமைச்சர். "இங்கே நிற்கிறவருக்கு எல்லாத் தூணும் கோணல். கச்சிராயருக்கோ ஒன்றே ஒன்றுதான் கோணல். அவர் தங்களைவிட ஒரு முழம் உயரம். சிம்மாசனத்தில் அந்த உயரத்தில் தலை இருந்தால் பிளவின் மேல் உள்ள தூண் மட்டும் சாயும். எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள், கச்சிராயரே?"

கச்சிராயரின் கை தானாக இடுப்புச் சாவியை மறைத்தது. மண்டபத்தைப் பூட்டுமுன் தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம் என்று முனகினார்.

எல்லோரும் மன்னன் முகத்தைப் பார்த்து நடுங்கினார்கள். அவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாதேவிக்குப் பதவியும் பட்டும் கொடுத்தான். சாவியைப் பிடுங்கி அமைச்சரிடம் கொடுத்தான். கச்சிராயரின் ஆசனத்தைப் பாறைத் தொப்பையின் அடியிலேயே போடச் சொன்னான்.

அதன்பின் தினமும் அவை கூடியதும் மன்னன், "கச்சிராயரே, மாளிகை எப்படி இருக்கிறது?" என்று கேட்பான்.

அவர் கழுத்தை வளைத்து மேலே பார்த்துவிட்டு, "எல்லாமே கோணல், மகாராஜா" என்பார். நேர் என்று மட்டும் அவர் வாய் தவறியும் சொன்னதில்லை.