மாசிலாமணி வளர்த்த வண்டு

"பட்டினி போட்டா நான்கூடத்தான் கண்டதையும் திம்பேன். அதுக்காக என்னைக் கொன்னுடுவீங்களா?"

மாசிலாமணி கத்திவிட்டார். குருவிடம் கத்தக் கூடாதுதான். ஆனாலும் கத்திவிட்டார்.

குரு என்றால் தாடி, காவி எல்லாம் கிடையாது. பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தும் நப்பின்னை. சீடரைவிட இருபது வயது இளையவர்.

மாசிலாமணி செம்பருத்தி நாற்று விற்றுப் பிழைத்தவர். எந்த நாட்டிலிருந்தோ வந்த மாவுப்பூச்சி அவர் தோட்டத்தை வெள்ளையாகப் போர்த்தியது. எந்த மருந்துக்கும் அது சாகவில்லை.

அதே நாட்டிலிருந்து, அதைத் தின்னும் வண்டை நப்பின்னை வரவழைத்திருப்பதாகக் கேள்விப்பட்டார். "எனக்கும் சொல்லிக் குடுங்கம்மா" என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

வண்டு வளர்க்க மாவுப்பூச்சி வேண்டும். பூசணிக்காயில் மாவுப்பூச்சி வளர்த்தார். தன் பிழைப்பைக் கெடுத்த பூச்சிக்குத் தானே சோறு போட்டார். கேவலமாகத்தான் இருந்தது. செய்தார்.

வெளியே விடுவதற்கு முன் ஒரு சோதனை. வண்டுகளைக் கண்ணாடித் தட்டில் அடைத்து, நம்மூர்ப் பொறிவண்டின் முட்டைகளை மட்டும் வைத்தார்கள்.

முதலில் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பசி முற்றியதும் தட்டைத் துடைத்து வைத்துவிட்டன.

"எல்லா வண்டையும் ஃப்ரீசர்ல வெச்சிடுங்கண்ணே" என்றார் நப்பின்னை. உறைந்து சாகட்டும் என்று அர்த்தம்.

அதற்குத்தான் அந்தக் கத்தல்.

"நம்ம பொறிவண்டு என்னத்தக் கிழிச்சுது? என் தோட்டத்துல ஒரு மாவுப்பூச்சியத் தொட்டுச்சா?"

"தொடல. அது செடியில சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சியத் திங்குது. கீழ்த்தோட்டங்கள்ல அவரைக்காய் போட்டவங்க எல்லாம் அதை நம்பித்தான் இருக்காங்க."

"அது அடுத்தவன் தோட்டம்."

"ஆமாண்ணே."

நப்பின்னை உள்ளே போனார். கண்ணாடி மூடி போட்ட வண்டுப் பெட்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். வெளிக்கதவுச் சாவியை அதன்மேல் வைத்தார்.

"கதவு அங்க இருக்கு."

மாசிலாமணி நடந்தார். நப்பின்னை பின்னாலேயே வந்தார்.

வெளிக்கதவு கம்பிவலை போட்டது. அந்தப் பக்கம் மனைவி கோதைநாயகி நின்றிருந்தாள்.

"குடுத்துட்டாங்களா? அப்பாடா! மிச்சமிருக்கிற பாத்தியையும் கொளுத்தியிருப்பேன். நீங்க வண்டு வண்டுன்னு கெஞ்சுனீங்களேன்னு விட்டு வெச்சிருக்கேன். அதுவும் போச்சுன்னா பெரியவன் திருப்பூருக்கு பஸ் ஏறிடுவான், ஆமா."

"வந்துட்டேன்ல? பேசாம இரு."

சாவியைப் பூட்டில் நுழைத்தார். கோதைநாயகி வலை வழியாகப் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இத்தனூண்டு இருக்கு. இதுவா அம்மாம் பூச்சியையும் திங்கப் போகுது?"

மாசிலாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒண்ணு விடாது. நான் வளர்த்த வண்டுடி. மாவுப்பூச்சின்னு ஒண்ணு இருந்த தடமே இருக்காது, பாரு."

"அப்புறம்?" என்றார் பின்னால் நின்ற நப்பின்னை.

"அப்புறம் என்ன அப்புறம்?" என்றாள் கோதைநாயகி. "நிம்மதிதான்."

மாசிலாமணி குனிந்தார். பெட்டிக்குள் பார்த்தார். காலையில் வைத்த பூசணித் துண்டில் வெள்ளை ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. வண்டுகள் பெட்டியின் ஓரங்களைத் தடவித் தடவி அலைந்துகொண்டிருந்தன.

பூட்டிலிருந்து சாவியை உருவினார். திரும்பி நடந்தார்.

"ஏங்க! கதவு இந்தப் பக்கம். எங்க போறீங்க?"

"ஃப்ரீசருக்கு."