தோற்றவர் வெளியே

டென்னிஸில் சங்கரபாண்டியனை அடிச்சுக்க அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஆள் கிடையாது. ஆனாலும் தன்னைவிடப் பத்து வயது இளையவரான ஜெபராணி டீச்சரைத்தான் அவர் குருவாக நினைத்தார். சும்மா சொல்லக்கூடாது, டீச்சர் நடத்தும் கோர்ட் சாயங்காலமானால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். மீன் விற்கிறவரும் வருவார், டாக்டரம்மாவும் வருவார்.

சங்கரபாண்டியன் நகராட்சி இடத்தில் நடத்தும் கோர்ட்டிலோ நாலே பேர். இப்படியே காலியாகக் கிடந்தால் வண்டி நிறுத்த எடுத்துக்கொள்வோம் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே டீச்சரிடம் வந்து நின்றார்.

“பேட் சும்மா குடுக்கேன், புதுப் பந்து வாங்கி வைக்கேன். ஒரு நாள் வாராங்க, மறுநாள் காணோம். ஏன் டீச்சர்?”

“உங்க கோர்ட்ல வழக்கம் என்ன அண்ணாச்சி?”

“ஊரு பூரா உள்ளதுதான். தோத்த ஜோடி வெளிய. ஜெயிச்ச ஜோடி அடுத்த ஆட்டமும் ஆடும்.”

“இன்னிக்கு இங்கயும் அப்படியே ஆடுவோம்.”

டீச்சர் அவருக்கு ஜோடியாக முத்துச்செல்வியைச் சேர்த்துவிட்டார். தையல்கடை வைத்திருக்கும் அந்தப் பெண் பேட்டைத் தொட்டதே அன்றுதான். எதிரே கெட்டிக்காரர்கள் இருவர். பந்தெல்லாம் அவள் பக்கமே வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்து, இருவரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஜெயித்தவர்கள் அடுத்த ஜோடியையும் ஜெயித்தார்கள், அதற்கடுத்ததையும். ஒருவழியாக மறுபடி இவர்கள் முறை வந்தது. மறுபடியும் அதே கதி. எல்லாரும் மரியாதையாகத்தான் சிரித்தார்கள், ஒருத்தர் தண்ணீர்கூடக் கொடுத்தார். சங்கரபாண்டியனுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

“கிளம்பிட்டீங்களா அண்ணாச்சி?”

“வேற என்ன செய்ய? வந்ததுல இருந்து பெஞ்சைத்தான தேய்க்கேன்.”

“ஆடக்கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“அப்படி யாரும் சொல்லல...”

தன் கோர்ட்டுக்கு ஒரே ஒரு நாள் வந்துபோனவர்களின் முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாகப் போய்விட்டது. பையைக் கீழே வைத்தார்.

“மத்த நாள்ல இங்க என்ன வழக்கம் டீச்சர்?”

“ஜெயிச்சவங்க வெளிய வந்துருவாங்க.”

“நல்லா ஆடுதவன் வெளிய உக்காந்து என்னத்தச் செய்வான்?”

“புதுசா வந்தவங்க பக்கத்துல உக்காந்து பேசுவாங்க. நீங்க இவ்வளவு நேரம் முத்துச்செல்விகிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா, அண்ணாச்சி?”