பாறு வாத்தியார் தோண்டிய குழி

ஆல்துரை சார் இறந்த பதினாறாம் நாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. முப்பது வருடம் அங்கே விலங்கியல் நடத்தியவர். ஆற்றோர மருத மரங்களில் கூடு கட்டும் பாறுக் கழுகுகள் அற்றுப்போய்விடக் கூடாது என்று ஊர் ஊராகச் சைக்கிளில் அலைந்தவர். பாறு வாத்தியார் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும்.

எல்லோரும் பேசி முடித்த பிறகு அவருடைய பழைய மாணவி ரெஜினா எழுந்தாள். கால்நடை மருத்துவர்.

"சார் எனக்குச் சொன்னதுல ஒண்ணு மட்டும் இன்னும் புரியல. யாருக்காவது புரிஞ்சா சொல்லுங்க," என்றாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலம். காட்டோரத்தில் ரங்கி என்பவளின் மாடு பள்ளத்தில் விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தது. இரண்டு நாளாக அலறல். பாலம் மூழ்கியிருந்ததால் டவுனிலிருந்து மருந்து வரவில்லை. ரெஜினாவின் பையில் ஒன்றும் இல்லை. ரங்கியின் கையில் இரண்டு குப்பி இருந்தன. மனிதர்களுக்குப் போடும் வலி ஊசி.

ரெஜினா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மாட்டுக்குப் போடக் கூடாது என்று தடை செய்யப்பட்ட மருந்து அது. அதைப் போட்ட மாடு செத்து, அந்த இறைச்சியைத் தின்றால் பாறுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகும். பத்தாம் வகுப்பில் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே அங்கே குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"இதைப் போட முடியாதும்மா," என்றாள் ரெஜினா.

ரங்கி அவளைப் பார்க்கவில்லை. சாரைப் பார்த்தாள்.

"உங்க பாறு ஒண்ணு இப்படிக் கெடந்து கத்துனா, சும்மா நிப்பீங்களா வாத்தியாரே?"

மாடு மறுபடி அலறியது. சார் குடையை மடக்கினார்.

"போடு," என்றார்.

"சார்?"

"போடு ரெஜினா."

போட்டாள். கொஞ்ச நேரத்தில் மாடு கழுத்தை நீட்டிப் படுத்தது. ரங்கி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அது செத்துவிட்டது.

மழை விட்டு வெயில் வந்திருந்தது. ரெஜினா போய்ச் சேர்ந்தபோது சார் இடுப்பளவு குழிக்குள் நின்று தோண்டிக்கொண்டிருந்தார். செத்த மாட்டைப் புதைக்காதீர்கள், பாறுகளுக்கு விடுங்கள் என்று அந்த ஊருக்கே பழக்கியவர் அவர். அதனால்தானோ என்னவோ, உதவிக்கு ஒருவரும் வரவில்லை. ரங்கி மட்டும் மண்ணை அள்ளிப் போட்டாள்.

பத்து மணிக்குப் பாறுகள் வந்தன. முதலில் இரண்டு. பிறகு ஒன்பது. மேலே வட்டமடித்து ஒவ்வொன்றாய் இறங்கின.

சார் குழியிலிருந்து ஏறி வந்தார். கல்லை எடுத்து வீசினார். "போ! போய்த் தொலை!" என்று கத்தினார். ஒரு கல் இறக்கையில் பட்டது. பறவை தடுமாறி எழுந்து பறந்தது. ஒரு கூட்டில் முட்டை கண்டால் ஊருக்கே மிட்டாய் கொடுக்கிற மனிதர். முகமெல்லாம் சேறு. அவர் அழுகிறாரா, வியர்வையா என்று ரெஜினாவுக்குத் தெரியவில்லை.

"சார், நேத்து ஊசி போடச் சொன்னீங்க. இன்னைக்குக் கல்லால அடிக்கிறீங்க. நீங்க யார் பக்கம்?"

"பின்னாடி ஒண்ணு இறங்குது. எறி."

எறிந்தாள்.

மூன்று மணிவரை அப்படியே போனது. ஒருவர் தோண்ட, ஒருவர் விரட்ட. ஆளுயரத்துக்கும் கீழே போன பிறகுதான் மாட்டை உள்ளே தள்ள அவர் சம்மதித்தார். மேலே முள்ளும் பாறாங்கல்லும் போட்டு மூடினார்கள். பாறுகள் பசியோடு ஆற்றுப் பக்கம் திரும்பிப் போயின.

அதற்கு அடுத்த பத்து நாளும் சார் ஆற்றோரத்தில் நடந்து ஒவ்வொரு மரத்தடியாகப் பார்த்தார். ரெஜினாவும் கூடப் போனாள். ஒரு பறவைகூடச் செத்துக் கிடக்கவில்லை. ஆனாலும் அவர் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள்.

"நாம செஞ்சது சரியா சார்?"

அவர் வழியிலிருந்த மருத மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"தப்பா?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"சரி சார். நாளைக்கு நீங்க இல்லாத இடத்துல இன்னொரு மாடு இப்படிக் கத்துது. கையில அந்த மருந்துதான் இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

சார் நின்றார். கொப்புளம் உடைந்து காய்ந்திருந்த உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மண்வெட்டி இருக்கான்னு முதல்ல பாரு," என்றார்.