ஆற்றங்கரைப் புற்றின் வாசல்

ஒரு காட்டில் எறும்புகள் வாசலைத் திறந்தன, காவலை மறந்தன. ஓர் அறைக் குஞ்சுகள் அத்தனையும் போயின. நடந்தது இதுதான்.

அந்தக் கூட்டத்துக்கு மலையடியில் தலைமைப் புற்று. பாறை இடுக்கில், மூங்கில் தோப்பில், ஆற்றங்கரையில் என்று காடெங்கும் கிளைப் புற்றுகள். வாசல் மட்டும் ஒன்றே ஒன்று, தலைமைப் புற்றில். ஆற்றங்கரையில் கிடைத்த தேனானாலும் மலையடிக்குப் போய் நுழைந்து, மண்ணுக்கடியில் சுரங்கம் வழியாகத் திரும்பிவர வேண்டும்.

வாசலில் ஒரு கிழட்டுக் காவல் எறும்பு. வருகிற எவரிடமும், "உன் வாயிலிருந்து ஒரு சொட்டு கொடு" என்று கேட்கும். எறும்பு என்றால் வயிற்றில் வைத்திருக்கும் தேனைக் கக்கிக் கொடுக்கும்; வேறு பூச்சிக்கு அது வராது. கொடுக்காததை உள்ளே விடாது.

ஆற்றங்கரைப் புற்றில் குஞ்சுகளுக்கு ஊட்டும் செவிலி எறும்பு ஒன்று இருந்தது. தேன் வந்து சேர்வதற்குள் பாதி காய்ந்துவிடும். குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கிடக்கும். செவிலிக்குப் பொறுக்கவில்லை. ராணி எறும்பிடம் போய் நின்றது.

"அம்மா, பூவெல்லாம் எங்கள் தலைக்கு மேலேயே பூத்துக் கிடக்கிறது. மலையடியைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டுமா? எங்களுக்கு அங்கேயே ஒரு வாசல் கொடுங்கள்."

"வாசல் சரி. காவல் யார்?" என்றது அங்கிருந்த கிழட்டுக் காவல் எறும்பு.

ராணிக்கு எதிலும் அவசரம். "போடி கிழவி! முகர்ந்தால் தெரியாதா நம் ஆள் யாரென்று? எல்லாப் புற்றிலும் திறங்கள்!"

திறந்தன. அன்றே தேன் வந்தது. குஞ்சுகள் கொழுகொழுவென்று ஆயின. செவிலிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு நாள், குப்பைமேட்டில் செத்த எறும்புகளின் மேல் புரண்டு எழுந்தது ஒரு வண்டு. நேரே ஆற்றங்கரை வாசலுக்கு வந்தது. செவிலி முகர்ந்து பார்த்தது. எறும்பு வாசனை.

"எந்தப் புற்று அக்கா?"

"மூங்கில் தோப்பு. நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது, தங்கச்சி. ஒரு வாய் ஊட்டேன்."

"அடப் பாவமே! வாங்க அக்கா."

ஊட்டியது. குஞ்சுகளுக்குப் பக்கத்திலேயே படுக்க இடமும் காட்டியது. பிறகு மற்ற எறும்புகளோடு தேன் எடுக்கப் போனது.

திரும்பியபோது அறை காலி. வண்டு ஏப்பம் விட்டபடி வெளியே போய்க்கொண்டிருந்தது.

தேன் செவிலியின் வாயிலேயே இருந்தது. வாங்கிக்கொள்ள ஒரு வாய் இல்லை.

சேதி கேட்டு ராணி அலறியது. "எல்லா வாசலையும் அடையுங்கள்! பழையபடி மலையடி வழியாகவே வாருங்கள்!"

"அடைக்காதீர்கள் அம்மா" என்றது செவிலி. "அடைத்தால் மற்றப் புற்றுக் குஞ்சுகள் பசியில் சாகும். அந்த வண்டு என்னிடம் வாங்கித் தின்றது. ஒரு சொட்டு கொடு என்று நான் கேட்கவில்லை. வாசல் இருக்கட்டும். அந்தக் கேள்வி வாசலுக்கு வாசல் இருக்கட்டும்."

ராணி தலையாட்டியது. கிழட்டு எறும்பு குத்திக்காட்டவில்லை. வாசலுக்கு ஒரு காவல் நின்றது.

சில நாள் பெய்த மழை விட்டதும் வண்டு மறுபடி ஆற்றங்கரைக்கு வந்தது.

"கால் ஓய்ந்துவிட்டது, தங்கச்சி."

"இருக்கட்டும். முதலில் ஒரு சொட்டு கொடு."

வண்டு திருதிருவென்று விழித்தது. வந்த வழியே போனது.

உள்ளே வேறொரு செவிலியின் குஞ்சுகள் தூங்கிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று கேட்டது, தன் குஞ்சுகளைப் பறிகொடுத்த செவிலி. அதன் பெயர் கருமணி.

நீதி: எத்தனை வாசல் திறக்கிறோமோ, அத்தனை வாசலிலும் காவல் வேண்டும்.