மச்சினர் வாங்கிவந்த ஸ்கோப்

பெரிசெல்லாம் ஒசத்தி என்று நம்பும் ஜமீன்தார் ஒருவர் புதர்க்காட்டுக்குப் பன்றி வேட்டைக்குப் போனார். துப்பாக்கியில், கூட வந்த மச்சினர் மருதப்பர் பட்டணத்தில் வாங்கிவந்த, பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குறிபார்க்கும் கண்ணாடி, அதாவது ஸ்கோப்.

“இந்த அடர்த்திக்கு ரெண்டு மடங்கே போதும் எசமான்,” என்றான் துப்பாக்கி சுமக்கும் மாசானம்.

“சுமக்கிறவனுக்கு யோசனை வேறயா? இன்னிக்குப் பன்றி விழலேன்னா உனக்கு வேலை இல்லடா!”

கொஞ்ச நேரத்தில் ஜமீன்தார் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கிசுகிசுத்தார். “அகப்பட்டுச்சு! கண்ணாடி பூராவும் கறுப்பு மயிர். சுடட்டுமா?”

மாசானம் குழலை மேலே தள்ளினான். “சுடலாம் எசமான். அதுக்கு முன்னால ராணியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அவங்க தம்பி தலை அது.”

பத்தடி தள்ளிக் குந்தியிருந்த மருதப்பர் துள்ளி எழுந்தார். “அத்தான், அந்தச் சனியனைக் கழட்டுங்க! மாசானம் சொன்னதையே மாட்டுங்க. அவனை வேலையை விட்டு நிறுத்தினீங்க, அக்காகிட்டச் சொல்லிடுவேன்!”